எட்டுத் தோல் வளையங்களோடு வரும் இரண்டாம் ஓலை

மழை பொய்யாது பெய்க. மதகுகள் முறை தவறாது திறக்க. கோல் நிமிர்ந்தே நிற்க.

நாரைக்கொடி உயர்த்தியவரும், ஈராற்றுக்கும் இடைப்பட்ட முந்நூறு ஏரிகளுக்கு உரியவரும், வெண்ணாவல் நாட்டு மாமன்னருமாகிய நெடுந்தேர்ச் சாத்தனாரின் ஆணை தாங்கி, அவருடைய காவல் மந்திரி அத்திமேட்டுக் கூத்தம்பூதன், பாறைமுடிக் கோட்டைத் தலைவரும் மேற்குக் கணவாயின் காவலரும் இளமை முதல் எம்மோடு படைத்தொழில் பயின்றவருமாகிய வயிரமேகருக்கு வளர்பிறைப் பத்தாம் நாள் எழுதிய ஓலை. உமது கோட்டையும், குதிரைகளும், கிணற்று நீரும், இல்லத்தாரும் குறைவின்றி நலமாயிருக்க வேண்டுகிறேன்.

இவ்வோலையை நீர் நம்பப்போவதில்லை என்பதை அறிந்தே எழுதத் தொடங்குகிறேன். முதலோலையை மறுத்து இரண்டாம் ஓலை வருமாயின், அதைக் கள்ள ஓலை என்று கொள்க, கொணர்ந்தவனைச் சிறையிலிடுக, முதலோலையையே நிறைவேற்றுக என்று எல்லைக் கோட்டைகள் அனைத்துக்கும் விதி எழுதி அனுப்பியவன் யானே. அதை எழுதிய அன்று என் மதிநுட்பத்தை யானே மெச்சிக்கொண்டு இரண்டு கவளம் கூடுதலாக உண்டேன். இன்று அந்த விதியே என் குரல்வளையைப் பிடிக்கிறது. நீரோ எந்த விதியையும் எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றுகிறவர். உம்மிடம் எனக்குப் பிடித்ததும் அதுவே, இப்போது என்னை அச்சுறுத்துவதும் அதுவே.

வளர்பிறை மூன்றாம் நாள் யான் அனுப்பிய முதலோலை உம்மிடம் இருக்கிறது. எண்பொறி மண்டபத்துப் பொறித்தச்சி எயினி என்பாள் கிழக்கேயுள்ள கரம்பை நாட்டாரிடம் விலைபோய், நாட்டின் நினைவுப் பேழைகள் இரண்டில் ஒன்றை அழித்து, மற்றதையும் அழிக்க முற்பட்டாள். ஆகவே வரும் முழுமதி நாட்காலையில் அவளுடைய வலக்கைக் கட்டைவிரலைத் துணித்துக் கணவாய்க்கு அப்பால் காட்டிலே துரத்துக என்பது அதன் கட்டளை. கிழக்கே துரத்தினால் அவளை வாங்கியவர்களிடமே பரிசாக அனுப்பியதாகும் என்று ஐயுற்று, மேற்கே உம்மிடம் அனுப்பினேன். இவ்வோலையின் கட்டளை ஒன்றே: அந்த விரலைத் தொடாதீர். காரணம் இல்லாமல் வரும் இரக்கத்தை யான் நம்புவதில்லை, நீரும் நம்ப வேண்டாம். ஆகவே நடந்ததை முழுவதும் எழுதுகிறேன்.

கணக்குகளை நினைவில் வைக்கும் எண்பொறியை நீர் கண்டதில்லை. மண்டபத்தின் நடுவே ஆளுயர இரும்புச் சட்டம் ஒன்று நிற்கிறது. அதிலுள்ள மாடங்கள் இரண்டில், கையகல நினைவுப் பேழைகள் இரண்டு பொருத்தப்பட்டிருந்தன. பேழைக்குள் மெல்லிய தகடுகள் ஓயாமல் சுழலும். தகட்டின் மேல் தொட்டும் தொடாமலும் ஒரு முள் நின்று, எழுதவும் எழுதியதைப் படிக்கவும் செய்யும். ஒவ்வொரு பேழையையும் நான்கு திருகாணிகள் சட்டத்தோடு பிடித்திருக்கும். பேழைகள் சூடேறாதிருக்கச் சட்டத்தின் பின்னே காற்றாடிகள் சுழலும். ஆற்றுநீரில் நமக்கு எவ்வளவு, கரம்பை நாட்டாருக்கு எவ்வளவு என்று நாற்பதாண்டுகளாக அளந்த அளவு முழுவதும் இப்பேழைகளில்தான் உள்ளது. வரும் முழுமதி நாளில் கரம்பை நாட்டுத் தூதர் சிங்கபோதர் வந்து அந்த அளவைத் தம் நாட்டு அளவோடு ஒப்பிடப்போகிறார்.

தூதர் வருகிறார் என்ற செய்தி எட்டிய அன்றே எனக்கு உறக்கம் கெட்டது. நம் அளவு அழிந்துபோனால் யாருக்கு நன்மை என்று கேட்டுக்கொண்டேன். விடை எளிதாக இருந்தது. உடனே மண்டபத்துக்குச் சென்று ஒவ்வொன்றாக ஆராய்ந்தேன். திருகாணி ஒவ்வொன்றின் அடியிலும், பேழைக்கும் சட்டத்துக்கும் நடுவே, சிறு தோல் வளையம் ஒன்று இருக்கக் கண்டேன். காவலில் வைத்த பொருளுக்கும் அதன் காவலுக்கும் இடையே மெத்தென்று ஒன்று எதற்கு என்று எயினியை வினவினேன். அதிர்வு பேழைக்குள் போகாதிருக்க என்றாள். தோல் எங்கே கிடைத்தது என்றேன். சந்தையில் வாங்கிய தன் கரம்பை நாட்டு எருமைத்தோல் செருப்பை அறுத்துச் செய்ததாகவும், நம் நாட்டுத் தோல் அவ்வளவு மென்மையாக இல்லை என்றும் விடையளித்தாள். வயிரமேகரே, பகை நாட்டுத் தோல்! எட்டு வளையங்களையும் அப்போதே கழற்றச் செய்து, குற்றச் சான்று என்று எழுதி என் இரும்புப் பெட்டியில் பூட்டினேன். குற்றம் இன்னும் நடக்கவில்லை என்பது எனக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை.

அத்தோடு நின்றேனா? நாள்தோறும் காலையில் அதிகாரிகள் ஐவர் வந்து, எட்டுத் திருகாணிகளையும் ஒவ்வொருவரும் தம் கையால் இறுக்கிப் பார்த்து, அதன் பின்பே அரக்கு முத்திரை இட வேண்டும் என்று ஆணையிட்டேன். ஒருவர் போதாதா என்று கேட்பீர். ஒருவரை மற்றவர் வேவு பார்க்கவே ஐவர். முன்னவர் விட்ட இடத்திலிருந்து சிறிதும் திருகாமல் போனால் தம்மைச் சோம்பேறி என்றோ கள்வன் என்றோ மந்திரி எண்ணிவிடுவார் என்று ஐவரும் அஞ்சினர். ஆகையால் ஒவ்வொருவரும் தம் பங்குக்கு ஒரு முறுக்கு முறுக்கினர். ஐந்தாமவர் யானைக் கொட்டிலின் அதிகாரி. சங்கிலி முடுக்கிப் பழகிய கை. இவ்வாறு இருபத்தாறு நாள் நடந்தது.

எயினி மூன்று முறை முறையிட்டாள். மூன்றாம் முறை அவள் சொன்னதைக் கணக்கர் வாய்மொழி மாறாமல் எழுதி வைத்திருக்கிறார். அதை அப்படியே தருகிறேன்: "இறுக்கிப் புடிச்சா பத்திரம்னு நெனைக்கிறீங்க சாமி. உள்ளாற ஓடுறது ஓடிக்கிட்டே இருக்கணும். பொட்டி சட்டத்தோட ஒட்டிக்கிச்சுன்னா காத்தாடியோட அதிர்வெல்லாம் நேரா முள்ளுக்குப் போயிரும். வளையத்தக் குடுங்க, இல்லேன்னா அரைச் சுத்தாச்சும் தளத்த உடுங்க." காக்க வேண்டிய பொருளைத் தளர்த்தச் சொல்பவள் கள்ளியன்றி வேறு யார் என்று அதே ஏட்டின் ஓரத்தில் யான் எழுதியிருக்கிறேன். நேற்று அதைத் திரும்பப் படித்தேன். என் கையெழுத்து மிகவும் திருத்தமாக இருந்தது.

இருபத்தேழாம் நாள் முதற்பேழை டக் டக்கென்று ஒலித்தது. மறுநாள் அடியோடு நின்றுவிட்டது. அன்று நண்பகலில் எயினி இரண்டாம் பேழையின் முன் திருப்புளியோடு நிற்க, அரக்கு முத்திரைகள் இரண்டு உடைந்து தரையில் கிடக்க, காவலர் அவளைக் கையும் களவுமாகப் பிடித்தனர். நான்கு திருகாணிகளில் இரண்டை அரைச் சுற்று தளர்த்தியிருந்தாள். மற்ற இரண்டுக்கு நேரம் கிடைக்கவில்லை. பகை நாட்டுச் செருப்பு, உடைந்த முத்திரை, கையில் கருவி, செத்துப்போன ஒரு பேழை. ஐயப்படுகிறவனுக்கு இதைவிட விருந்து வேறு உண்டா? மாமன்னர் தயங்கினார். யானே பேசிப்பேசி அவரிடம் தண்டனையை வாங்கினேன். அவளைப் பிடித்தபோது இருந்த நிலையிலேயே சான்றாக இருக்கட்டும் என்று, இரண்டாம் பேழையை எவரும் தொடலாகாது என்றும் விதித்தேன். அந்த ஒரு விதிதான் நல்லது செய்தது, அதுவும் அறியாமல் செய்தது.

நேற்று முற்பகல் மண்டபத்துக்குச் சென்றேன். அவளுக்குக் கூட்டாளி ஒருவன் இருப்பான், மிச்ச வேலையை முடிக்க வருவான் என்பது என் எண்ணம். ஐவரையும் வெளியே போகச் சொல்லிவிட்டுத் தூணோரம் அமர்ந்திருந்தேன். ஒருவனும் வரவில்லை. பேழை மட்டும் அமைதியாக ஓடிக்கொண்டிருந்தது. ஏழு நாளாக ஏன் இது சாகவில்லை என்ற ஐயம் அப்போதுதான் தோன்றியது. அழிக்க வந்தவள் தொட்ட பேழை பிழைத்திருக்கிறது. காக்க வந்த ஐவர் மட்டுமே தொட்ட பேழை செத்துவிட்டது. சட்டத்தில் கை வைத்தேன், காற்றாடிகளின் நடுக்கம் முழங்கை வரை ஏறியது. பேழையில் வைத்தேன், அவள் தளர்த்திய பக்கம் அந்நடுக்கம் பாதியும் இல்லை.

சான்றுப் பொருளாக இருந்த அவளுடைய திருப்புளியை எடுத்து, அந்த இரண்டு திருகாணிகளையும் என் கை நோக இறுக்கினேன். ஒரு நாழிகைக்குள் முள் ஒலித்தது. டக், டக். முதற்பேழை சாவதற்கு முந்திய நாள் கேட்ட அதே ஒலி. அரைச் சுற்று தளர்த்தினேன், நின்றது. தற்செயலாக இருக்கலாம் என்று மீண்டும் இறுக்கினேன், மீண்டும் ஒலித்தது. மூன்றாம் முறை இறுக்க என் கை துணியவில்லை. அவ்விரண்டையும் எஞ்சிய இரண்டையும் அரைச் சுற்று தளர்த்தினேன். முதற்பேழையைக் கொல்ல வரும் கள்வனை இருபத்தெட்டு நாள் தேடினேன். அவன் நாள்தோறும் என் பல்லக்கில்தான் வந்து போயிருக்கிறான். வெட்கப்படுகிறேன், வயிரமேகரே. இதை வேறு சொல்லால் அலங்கரிக்க விரும்பவில்லை.

இன்று காலையில் மாமன்னர் திருமுன் அனைத்தையும் உரைத்தேன். அவர் முழுவதும் கேட்டார். பின்பு தம் கைக்காப்பைச் சற்றுத் தளர்த்திவிட்டுக்கொண்டு, தண்டனை நீங்கியது, உடனே ஓலை எழுதுக என்று பணித்தார். யானே புறப்பட்டு வந்திருப்பேன், என் இடுப்பு குதிரையை ஏற்காது. பல்லக்கு வந்து சேர ஒன்பது நாளாகும். குதிரைக்கு நான்கு நாள். முழுமதிக்கு இன்னும் ஐந்தே நாள் உள்ளது.

இனி, இவ்வோலை கள்ள ஓலை அன்று என்பதற்குச் சான்று. கொணர்பவன் கழுத்தில் தைத்து மூடிய பை ஒன்று தொங்குகிறது. அதில் எட்டு வளையங்களும் உள்ளன. பையைப் பிரிக்குமுன் எயினியை அழைத்து, எட்டில் ஒன்று மட்டும் மற்ற ஏழிலிருந்து எவ்வாறு வேறுபட்டது என்று கேளும். விடையை இங்கு எழுத மாட்டேன். வழியில் எவனும் ஓலையைப் பிரித்துப் படிக்கக்கூடும், கொணர்பவனையும் யான் முழுதாக நம்பவில்லை. செய்தவள் அறிவாள், பூட்டி வைத்தவன் அறிவான், மூன்றாமவர் அறியார். அவள் சொன்ன பின்பு பையைப் பிரித்துப் பாரும். சொல் பொருந்தினால் ஓலை என்னுடையது. அவள் பொய்யள் என்று உமக்கு எழுதிய யான், என் மெய்க்கு அவளையே சாட்சியாக நிறுத்துகிறேன்.

அவளோடு கூடிய கள்வன் ஒருவன் இதே போன்ற வளையங்களைச் செய்து அனுப்பியிருக்கலாமே என்று நீர் ஐயுறுவீர். யானும் ஐயுற்றேன். ஆதலால் இரண்டாம் சான்றும் ஓலையின் அடியில் உள்ளது.

ஆகவே ஆணை. எயினியின் விலங்கை இவ்வோலை கண்ட நாழிகையிலேயே நீக்குக. உமது இல்லத்திலேயே உணவளித்து, நல்ல குதிரையும் துணைக்கு நால்வரும் தந்து தலைநகருக்கு அனுப்புக. வர விருப்பமில்லை என்று அவள் சொன்னால் வற்புறுத்தாமல், விரும்பிய ஊருக்கு அனுப்புக. பேழைக்கு அவள் கை வேண்டும் என்பது உண்மை. ஆனால் அதற்காக அவளை விடுவிக்கவில்லை, குற்றமில்லாதவள் என்பதால் விடுவிக்கிறோம். இதை அவள் கேட்கும்படி உரக்கப் படிக்க வேண்டும். வளையங்களை அவள் கையிலேயே கொடுத்துவிடுக. அவை அவளுடைய செருப்பு. இரண்டாம் ஓலை பற்றிய என் விதியை இன்றோடு அழித்துவிடுக. தூதர் சிங்கபோதர் மீது எனக்குள்ள ஐயம் மட்டும் எள்ளளவும் குறையவில்லை. அதை யான் இங்கே பார்த்துக்கொள்கிறேன்.

இவ்வோலையை ஏழு முடிச்சிட்டு ஏழு முத்திரை வைக்கும் என் வழக்கப்படி கட்டவில்லை. ஒரே முடிச்சு, அதுவும் விரலால் அவிழ்க்கும்படி. மோதிர முத்திரையும் வைக்கவில்லை. மோதிரத்தை எவனும் திருடலாம். கீழேயுள்ள அரக்கில் என் வலக்கைக் கட்டைவிரலைச் சுடச்சுடப் பதித்திருக்கிறேன். குறுக்கே ஓடும் வடு, மதில் முற்றுகையில் கயிறு அறுத்தது. அன்று அதற்குக் கட்டுப் போட்டவர் நீர். உமக்கு அது தெரியும்.

ஓலை பிந்தி வந்து சேருமாயின், எனக்கு மறுமொழி எழுத வேண்டாம். இந்த அரக்கை உடைக்காமல் வைத்திருந்து, இதில் பதிந்த விரலைக் கேட்டு ஆள் அனுப்புக.