வியாழக்கிழமைச் சுண்டல்

ஆகஸ்ட் 6, வியாழன்
இன்றும் வெண்பாவின் வண்டியைத் தள்ளிவிட்டேன். ஸ்பீட்வே ரேஸ் பைக்குக்கு ஸ்டார்ட்டர் கிடையாது, பின்னாலிருந்து ஒருவர் தள்ள வேண்டும். பிரேக்கும் கிடையாது. இதைக் கண்டுபிடித்தவனை என்ன சொல்ல! மண் தடத்தில் நாலு பேர், நாலு சுற்று. என் மகள் வெண்பா இரண்டாவதாக வந்தாள்.

என் மனைவி சாந்தியைப் பொறுத்தவரை நாங்கள் கோயிலில் இருக்கிறோம். மகளுக்குக் கல்யாணம் கூடிவர வாராவாரம் குருவுக்கு விளக்கு. திரும்பும் வழியில் டப்ளினில் இருக்கிற இந்தியக் கடையில் கொண்டைக்கடலைச் சுண்டல் வாங்கி, ஃபாயிலில் மடித்துப் பிரசாதம் ஆக்கிவிடுகிறேன். அவள் கண்ணில் ஒற்றிக்கொண்டு சாப்பிடுகிறாள். ஐம்பத்தாறு வயதில் எனக்கு இந்தப் பிழைப்பு.

ஆகஸ்ட் 13
விழுந்தாள். எழுந்தாள். நடுவில் எத்தனை நொடி என்று தெரியாது, கண்ணை மூடிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 14
தோள் கன்றிப்போயிருக்கிறது. வீட்டுக்குள் முழுக்கைச் சட்டை. "ஃபைனல் வரைக்கும் அம்மாகிட்ட சொல்லிடாதீங்கப்பா. ஜெயிச்சா மேல் பிரிவு, ஃபர்ஸ்ட் டிவிஷன்ல ஓட்டலாம். அப்புறம் நானே சொல்றேன்." அதற்குள் ஏதாவது ஆகிவிட்டால்? வேண்டாம், எழுத வேண்டாம்.

ஒரு ஜாதகம் வந்திருக்கிறதாம். "குரு பார்க்கக் கோடி நன்மை"ன்னு சாந்திக்கு ஒரே சந்தோஷம்.

ஆகஸ்ட் 27, வியாழன்
ஃபைனலுக்குத் தேர்வாகிவிட்டாள். அந்தக் குஷியில் சுண்டலை நீட்டினேன். சாந்தி வாங்கவில்லை.

"இன்னைக்குக் கிரகணமுங்க. நாலு மணிக்கே நடை சாத்திப்போட்டாங்க. இந்தச் சுண்டல எந்தச் சாமி குடுத்துச்சு?"

வெண்பாதான் எல்லாவற்றையும் சொன்னாள். நான் ஃபாயிலைப் பிடித்தபடி நின்றேன். வெட்கமாக இருந்தது.

ஆகஸ்ட் 29
இரண்டு நாளாகச் சாந்தி போனில் ரேஸ் வீடியோக்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். இன்று ஒரே ஒரு கேள்வி. "பின்னாடி நின்னு தள்ளறது நீங்கதானுங்களா?"

ஆமாம் என்றேன். வேறென்ன சொல்வது? அவள் கேட்காததை என்னை நானே எத்தனை முறை கேட்டிருக்கிறேன் — பெற்றவன் செய்கிற வேலையா இது?

செப்டம்பர் 3, வியாழன்
கூப்பிடாமலே சாந்தியும் காரில் ஏறினாள். தடத்துக்கு ஒரு மணி நேர ட்ரைவ்.

ஃபைனலுக்குக் கூப்பிட்டார்கள். சீட்டின் பின்னால் கை வைத்தேன். தள்ளவே மனம் வரவில்லை. பக்கத்தில் சாந்தி வந்து நின்றாள். தடுக்கத்தான் வந்திருக்கிறாள், ஊர் பார்க்க ஒரு கூத்து நடக்கப்போகிறது என்று நினைத்தேன்.

"நகருங்க. ஏதாச்சும் ஆச்சுன்னா சாகற வரைக்கும் உங்களத்தான் குத்தஞ் சொல்லிட்டு இருப்பேன். அப்படி ஒரு பொழப்பு வேண்டாமுங்க. நானும் கை வைக்கறேன்."

சேர்ந்து தள்ளினோம். நாலு சுற்றும் கண்ணைத் திறந்தே வைத்திருந்தேன்.

செப்டம்பர் 10
மூன்றாமிடம்தான். ஃபர்ஸ்ட் டிவிஷன் இந்த வருடம் இல்லை. வெண்பா ஒரு வாரம் உம்மென்று இருந்துவிட்டு இன்று பிராக்டிஸுக்குக் கிளம்பினாள்.

சாந்தி காலையிலேயே கடலை ஊறப்போட்டிருந்தாள். முதலில் கோயில், அப்புறம்தான் தடமாம். "கடைச் சுண்டல்ல என்னைக்குமே உப்பு ஜாஸ்தி. அப்பவே சந்தேகப்பட்டிருக்கோணும்" என்று இன்னொரு குத்து.

காரில் ஏறியதும் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள், போன வாரம் தள்ளியதில் தோல் வழன்றிருந்தது. வழியில் அவள் அளவுக்கு ஒரு ஜோடி க்ளவுஸ் வாங்கினோம்.