நீங்கள் எழுதாத தேர்வு

கச்சிராயபாளையம்,
திங்கட்கிழமை.

அன்புள்ள ஜூலியா அப்பாவுக்கு,

ஷீபா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். உங்கள் சுகத்துக்குத் தினமும் ஜெபமாலை சொல்கிறோம். கல்யாணமாகி எட்டு வருஷத்தில் நான் உங்களுக்கு எழுதும் முதல் கடிதம் இது. கையில் போன் இருக்கும்போது இவளுக்கு என்ன வந்தது என்று நினைப்பீர்கள். காரணம் இருக்கிறது. படித்துவிட்டு என் போனுக்குக் கூப்பிட வேண்டாம். வாட்ஸ்அப்பிலும் ஒரு வார்த்தை வேண்டாம்.

மலையில் நல்ல மழை. சுகாதார நிலையத்துக்குப் போகும் பஸ் இரண்டு நாளாகப் பாதியிலேயே திரும்பிவிட, ஜீப் பிடித்துத்தான் டூட்டிக்குப் போய் வந்தேன். அத்தைக்கு மூட்டுவலி கம்மி, பெருமைதான் ஜாஸ்தி. பூசை முடிந்ததும் கோயில் வாசலில் நின்று, "எம்புள்ள கம்ப்யூட்டருக்கே போலீசு, மெட்ராசுல அம்மாம்பெரிய ஆஸ்பத்திரி அவன நம்பித்தான் ஓடிக்கினு இருக்குது" என்று போவோர் வருவோரிடமெல்லாம் சொல்கிறார். தேர்வில் வாங்கிய உங்கள் கம்ப்யூட்டர் பாதுகாப்புச் சான்றிதழை மாமா கண்ணாடிச் சட்டம் போட்டு இருதய ஆண்டவர் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். போன வாரம் வீடு மந்திரிக்க வந்த சாமியாரிடம் அதன்மேலும் நாலு சொட்டுத் தீர்த்தம் தெளிக்கச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜூலியாவுக்குச் சனிக்கிழமை காலை முன்பல் விழுந்தது. அப்பா ஊருக்கு வரும்போது நான்தான் காட்டுவேன் என்று எங்கள் வாயைக் கட்டிவிட்டாள். வீட்டில் இருக்கும் நாலு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. அன்று பதினொரு மணிக்கு நான் ஒரு குழந்தைக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்தபோது தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. மரியாதையான குரல். அக்கா, பாப்பாவுக்குப் பல் விழுந்துடுச்சே, வலிச்சுதா என்று விசாரித்தான்.

ஊசியைத் தட்டில் வைத்துவிட்டேன். யார் என்று கேட்டேன். ஆன்லைனில் உங்கள் தேர்வைக் கண்காணித்தவன் என்றான். நம் அறை அலமாரி மேல் இருக்கும் நீலப் பெட்டி, கதவுக்குப் பின்னால் தொங்கும் என் சீருடை, ஒவ்வொன்றாகச் சொன்னான். தேர்வுக்கு முன்னால் அறையில் வேறு ஆள் இல்லை என்று காட்ட, லேப்டாப்பைத் தூக்கிக் கட்டிலுக்கு அடியில் வரைக்கும் படம் பிடித்துக் காட்டினீர்களே, அதெல்லாம் அவனிடம் இருக்கிறது. நம் வீட்டை நாமே திருடனுக்குச் சுற்றிக் காட்டியிருக்கிறோம்.

இன்னொன்றும் அவனிடம் இருக்கிறதாம். அது என்னவென்று அவன் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரியும். தேர்வு நாளன்று அத்தை, "யாரும் அந்தப் பக்கம் போவாதீங்க, புள்ள பரீட்சை எழுதிக்கினு இருக்கான்" என்று எங்களைப் பின்கட்டுக்கு விரட்டினார். துணி எடுக்கப் போனவள் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். உங்கள் இரண்டு கையும் மடியில் இருந்தன. திரையில் அம்புக்குறி தானாக ஓடி ஓடி விடையைத் தொட்டுக்கொண்டிருந்தது. மூன்று மணி நேரத் தேர்வு முக்கால் மணியில் முடிந்தது. பாஸ் என்று சொன்னீர்கள், முகத்தில் ரத்தமே இல்லை.

நான் கேட்கவில்லை. இரண்டு முறை தோற்ற மனுஷன், மூன்றாவது முறையும் தோற்றால் தாங்கமாட்டார் என்று பேசாமல் இருந்துவிட்டேன். இந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு. வேலிக்கு ஓணான் சாட்சி என்பார்கள். நம் வேலிக்கு ஓணானும் இல்லை, கண்காணிக்க வேண்டியவனே உள்ளே புகுந்து விடை போட்டிருக்கிறான், திருடனே சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறான்.

கம்பெனி புதுசு கொடுத்தது என்று, தேர்வுக்கு வைத்திருந்த அந்தப் பழைய லேப்டாப்பை ஜூலியா பாட்டுப் பார்க்க விட்டுப் போனீர்கள். போன் வந்த சனிக்கிழமை வீட்டுக்கு வந்ததும் அதைத்தான் போய்ப் பார்த்தேன். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. மேலே கேமரா விளக்கு எரிந்துகொண்டிருந்தது, தேர்வன்று அவன் உள்ளே வந்த வழி இன்னும் திறந்தே இருக்கிறது. ஜூலியா அதன் முன்னால் ஈ என்று இளித்து, பல் போன இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூடி, சாக்கில் சுற்றி, மாட்டுக் கொட்டகைப் பரணில் போட்டுவிட்டேன்.

நீங்கள் அவன் போனை எடுப்பதில்லையாம். வெள்ளிக்கிழமை மதியம், நீங்கள் காவல் காக்கும் அந்த மெட்ராஸ் ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டருக்குள் போக ஒரே ஒரு அனுமதி கொடுத்தால் போதுமாம். மறுத்தால் நீங்கள் கையைக் கட்டி உட்கார்ந்திருந்த வீடியோ உங்கள் கம்பெனிக்குப் போகுமாம். ஒண்ணும் ஆகாது அக்கா, நீங்க எடுத்துச் சொல்லுங்க என்று வைத்துவிட்டான்.

ஒன்றும் ஆகாதா? முன்பு நான் வேலை பார்த்த தனியார் ஆஸ்பத்திரியில் ஒருநாள் கம்ப்யூட்டர் எல்லாம் நின்றுபோனது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். யாருக்கு என்ன ரத்தம், யாருக்கு எந்த மருந்து ஆகாது என்று ஒன்றும் தெரியாமல், பிளாஸ்திரியில் பேரெழுதி நோயாளிகள் கையில் ஒட்டிக்கொண்டு ஓடினோம். அது வெறும் பழுது, நாலு மணி நேரத்தில் சரியானது. இவன் சரியாக விடுவானா? அங்கே படுத்திருப்பவர்களை எனக்குத் தெரியாது. ஆனால் அவர்கள் படுத்திருக்கும் விதம் எனக்குத் தெரியும்.

இது புதன்கிழமை உங்கள் கைக்கு வரும் என்று தபால் ஆபீசில் சொன்னார்கள். வியாழக்கிழமை காலை முதல் வேலையாக உங்கள் மேலதிகாரியிடம் போய், இந்தத் தேர்வை நான் எழுதவில்லை என்று சொல்லிவிடுங்கள். வேலை போகும். போலீஸ், கேஸ் என்றும் வரலாம். வரட்டும். என் சம்பளத்தில் கஞ்சி குடிப்போம். அத்தை மாமாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். நீங்கள் தோற்றபோது உங்களோடு இருந்தவள்தானே நான்? எனக்கு அது பழக்கம்தான். என் போனிலும் அவன் காது வைத்திருக்கலாம், அதனால் சொல்லிவிட்டதும் எங்கள் சுகாதார நிலைய மருந்தாளுநர் தீனதயாளன் அண்ணன் போனுக்கு மட்டும் கூப்பிடுங்கள்.

கூப்பிடவில்லை என்றால், வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அந்த ஆஸ்பத்திரிக்கு நானே பேசுவேன். பேரை மறைக்கமாட்டேன். ரெக்ஸ் மனைவி ஷீபா என்று சொல்லித்தான் பேசுவேன்.

என்னை அதைச் செய்ய வைக்காதீர்கள். ஆண்டவர் உங்களுக்குத் தைரியத்தைத் தரட்டும். என் குரல் அங்கே போய்ச் சேர்வதற்கு முன்னால் உங்கள் குரல் போய்ச் சேரட்டும்.

என்றும் உங்கள்,
ஷீபா