சிமெண்டுக் கரையும் சல்லிக் கல்லும்

1934 ஜனவரி 9, செவ்வாய்

தினமும் காலையில் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்கே நடப்பதாம்? ஆற்றோரத்தில். பெருவெள்ளத்துக்குப் பிறகு கிள்ளான் ஆற்றை நேராக வெட்டிக் கரை போட்டார்களே, அதன் மேல் சிமெண்டு பூசிய பாதை இருக்கிறது. மேடு இல்லை, பள்ளம் இல்லை. துரைமார் நாயைப் பிடித்துக்கொண்டு காற்று வாங்குகிற இடம். இத்தனை வருடம் கிள்ளான் ரயிலில் கார்டாக ஓடிய மரியநாயகம் இனி அந்த நாய்களுக்கு வழிவிட்டு நடக்க வேண்டியதுதான்.

நவம்பர் மழையில் பத்து தீகா ஸ்டேஷன் பக்கம், ரயிலின் கடைசியில் கார்டுக்கென்று இருக்கிற வேனிலிருந்து இறங்கும்போது வழுக்கி, முழங்கால் போயிற்று. எலும்பு கூடிவிட்டது என்கிறார்கள். எனக்கென்னவோ அப்படித் தெரியவில்லை. மார்ச்சில் பரிசோதனை. தேறினால் என் வேன் எனக்கு. இல்லாவிட்டால் கார்டு வேலையும் போகும், கார்டுக்கென்று கொடுத்த இந்த பிரிக்ஃபீல்ட்ஸ் குவார்ட்டர்ஸும் போகும். அதைக் கேட்டதிலிருந்து என் மனைவி செசிலியா ஜெபமாலையைக் கீழே வைக்கவில்லை.

ஜனவரி 10

பாலம் வரை போக முடியவில்லை. பாதி வழியில் உட்கார்ந்துவிட்டேன். அலுப்பு.

ஜனவரி 21, ஞாயிறு

இப்போது செசிலியாவும் கூட வருகிறாள். துணைக்கு என்கிறாள். நான் ஏமாற்றாமல் நடக்கிறேனா என்று பார்க்கத்தான்.

“என்னங்க இது, கொக்கு மாதிரி அளந்து அளந்து வைக்கிறீங்க?” என்று இன்று சிரித்தாள். அப்போதுதான் நானே கவனித்தேன். தண்டவாளத்துக்கு அடியில் கட்டைகள் இருக்குமே, ரயில்காரன் கட்டைக்குக் கட்டை கால் வைத்தே நடப்பான். வழவழ சிமெண்டிலும் என் கால் இல்லாத கட்டையைத் தேடுகிறது. நானும் சிரித்தேன். ரொம்ப நாளாயிற்று சிரித்து.

பூசை முடிந்ததும் ஜெயராஜ் வந்தான். இப்போது என் வேனில் கார்டாகப் போகிறவன் அவன்தான். “கால் எப்படி இருக்கு அண்ணே?” என்றான். செசிலியா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றாள். அவன் போனதும், “விசாரிக்க வந்துட்டான். அவன் கண்ணு உங்க வேன் மேலதான்” என்றாள். பாவம், அவன் நல்லவன். ஆனால் அவள் சொன்னது எனக்குக் கொஞ்சம் இதமாகத்தான் இருந்தது.

பிப்ரவரி 14, புதன்

எங்களுக்குச் சாம்பல் புதன், சீனர்களுக்குப் புதுவருடம். நெற்றியில் சாம்பலோடு ஆற்றோரம் நடந்துகொண்டிருக்கையில் அக்கரையில் சரவெடி வெடித்தார்கள். என் கை சட்டென்று மேலே எழும்பி எதையோ பிடித்து இழுக்கப் பார்த்தது. பிரேக்கைத்தான். செசிலியாவுக்குக் கண்ணில் நீர் வரச் சிரிப்பு. என்னால் சிரிக்க முடியவில்லை.

வண்டி காட்டுக்கு நடுவே நின்றுபோனால் கார்டு இறங்கிப் பின்னால் ஓட வேண்டும். சிவப்பு லாம்பைக் காட்டிக்கொண்டே ஓடி, தண்டவாளத்தில் வெடியை வைத்துக் கட்ட வேண்டும். பின்னால் வருகிற வண்டியின் சக்கரம் ஏறியதும் அது வெடிக்கும், டிரைவர் நிறுத்துவான். கார்டால் ஓட முடியாவிட்டால்?

இன்று எழுத வேண்டாம். படுக்கிறேன்.

பிப்ரவரி 26, திங்கள்

பாலத்தைத் தாண்டியும் நடக்கிறேன். வலி இல்லை. இருந்தாலும் இந்தப் பாதை அலுக்கிறது. அதே ஆறு, அதே சேற்றுத் தண்ணீர், அதே நாய்கள்.

சாயங்காலம் கார்த்திகேசு வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், ரயில்வே ஆபீஸில் பெரிய கிளார்க். “ஒண்டுக்கும் யோசியாதையும் காணும். டாக்குத்தர் பிளாட்பாரத்திலைதான் நடக்கச் சொல்லுவார். அங்காலையும் இஞ்சாலையும் ஒரு நடை, அவ்வளவுதான். நான் கதைச்சுப் போட்டன்” என்றார். செசிலியா தட்டு நிறைய முறுக்கு கொண்டுவந்து வைத்தாள். அவள் முகம் அப்படி மலர்ந்து பார்த்து எத்தனையோ நாள் ஆகிறது.

பிளாட்பாரமும் சிமெண்டுதான். தேறிவிடுவேன். சந்தோஷம் ஏன் வரவில்லை?

மார்ச் 7, புதன்

செசிலியாவுக்குத் தலைவலி, தனியாகப் போனேன். கரையை விட்டு இறங்கினால் பழைய சைடிங் ஒன்று இருக்கிறது, வண்டி வராத லைன். யாரும் பார்க்கவில்லை. கட்டைமேல் நடந்தேன், பரவாயில்லை. சல்லிக் கல்லில் கால் வைத்ததும் முழங்கால் கழன்ற மாதிரி திரும்பி, விழுந்தேன்.

பாசியில் வழுக்கிவிட்டது என்று வீட்டில் சொன்னேன். அவள் கால்சட்டையைத் தண்ணீரில் முக்கப் போனவள் நின்றாள். “பாசின்னா பச்சையா இருக்கும். இது கரியும் எண்ணெயும்ல?”

மார்ச் 8, வியாழன்

என் சிவப்பு லாம்பை எடுத்துக்கொண்டு அவளே முன்னால் நடந்தாள். நேராக சைடிங்குக்கு. லாம்பை என் கையில் கொடுத்து, “ஓடுங்க. நான் பாக்கணும்” என்றாள்.

ஓடினேன். விழுந்தேன். தூக்கிவிட அவள் வரவில்லை. நின்ற இடத்திலேயே நின்று அழுதாள்.

“பிளாட்பாரத்துல பாஸ் பண்ணிருவேன்” என்றேன்.

“பாஸ் பண்ணிட்டு?”

கத்திவிட்டேன். என்னடி பாஸ் பண்ணிட்டு? வீடு போயிரும், தெரியுமா? சட்டிபானையத் தூக்கிட்டுத் தெருவுல நிப்பியா? ஊரு பாத்துச் சிரிக்கும்டி! யாருக்காக இந்த நாய்ப் பாதையில தினம் தினம் செத்து செத்து நடந்தேன்?

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “எந்த ஓட்டை வீட்டுக்குக் கூப்பிட்டாலும் வரேன். வண்டி பூரா ஜனங்க. நீங்க கிள்ளான் போற நாளெல்லாம் நான் எப்படித் தூங்குவேன்?”

திரும்பி நடந்தோம். லாம்பை அவளே தூக்கிக்கொண்டு வந்தாள்.

மார்ச் 12, திங்கள்

கார்த்திகேசு சொன்னபடிதான் நடந்தது. பிளாட்பாரத்தில் ஒரு நடை. டாக்டர் பேஷ் என்று பேனாவைத் திறந்தார். நான் வாயைத் திறந்தேன்: “ஐயா, கீழே லைனில் ஓடச் சொல்லிப் பாருங்கள்.” பின்னால் நின்ற கார்த்திகேசு தலையில் கையை வைத்துக்கொண்டார்.

இறங்கினேன். நடந்தது எனக்குத் தெரிந்ததுதான்.

“உமக்கென்ன விசரோ காணும்?” என்றார் வெளியே வந்ததும். பிறகு அவரே டிக்கெட் கேட் வேலைக்கு எனக்காகப் பேசினார். தங்கமான மனுஷன்.

வீட்டுக்கு வந்து செசிலியாவிடம் சொன்னேன். தட்டை வைத்துச் சோறு போட்டாள். எனக்கு அழுகை வந்தது. சாப்பிட்டேன்.

ஏப்ரல் 2

குவார்ட்டர்ஸ் சாவியைக் கொடுத்தாயிற்று. மளிகைக் கடைக்கு மேலே ஒரு மாடி அறை. அடுப்புப் புகை முழுக்க உள்ளேயே சுற்றுகிறது.

ஏப்ரல் 24

டிக்கெட் கேட்டில் நிற்பது நடப்பதைவிடக் கொடுமை. கிள்ளான் வண்டி புறப்படும்போது விசில் ஊதுகிறவனைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.

ஜூன் 5, செவ்வாய்

காலையிலிருந்து பேய் மழை. கிள்ளான் வண்டி வரவேண்டிய நேரத்தில் வரவில்லை. வெகு நேரம் கழித்து வந்தபோது எல்லோரும் என்னைத்தான் ஏசினார்கள். ஒரு சீனப் பெரியவர் டிக்கெட்டை என் மேலேயே விட்டெறிந்தார். கைக்குழந்தைக்காரி ஒருத்தி, “இப்படியா வண்டி விடுவீங்க?” என்று சண்டை போட்டாள்.

கடைசியில் ஜெயராஜ் வந்தான். கால்சட்டை முழங்காலில் கிழிந்து ரத்தம்.

“பத்து தீகாகிட்ட மரம் விழுந்து நின்னுட்டோம் அண்ணே. லாம்ப எடுத்துக்கிட்டு ஓடினேன். வெடியக் கட்டிட்டு நிமிர்றேன், பின்னால கூட்ஸ் வண்டி வந்துருச்சு. இன்னும் கொஞ்சம் மெதுவா ஓடியிருந்தேன்னா...” தண்ணீர் கேட்டான். கொடுத்தேன். கையில் இருந்த டிக்கெட்டுகளைப் பார்த்தேன். அந்த வண்டியில் வந்த அத்தனை பேருடைய டிக்கெட்டும் என் கையில்தான் இருந்தது.

வேலை முடிந்து ஆற்றோரப் பாதையில்தான் வீட்டுக்குப் போவேன். செசிலியா வழக்கம்போலப் பாலத்தடியில் குடையோடு நின்றாள். சொன்னேன். சிலுவை போட்டுக்கொண்டாள். என் நடைக்குத் தன் நடையைக் குறைத்துக்கொண்டு வந்தாள்.

வீட்டுப் படியில் ஏறும்போது சொன்னாள்: “ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் ஜெயராஜைக் கையோட கூட்டிட்டு வாங்க. கோழி அடிக்கிறேன்.”