இடது கைக்கு ஒரு மவுஸ்

பதுளை,
புதன்கிழமை.

அன்பு மகள் பஹ்மாவுக்கு உம்மா எழுதிக்கொள்வது,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் வாப்பாவும் தம்பி ஸியாமும் அல்லாஹ்வின் கிருபையால் நன்றாக இருக்கிறோம், அந்த வலது மணிக்கட்டைத் தவிர மற்றப்படி நீயும் நன்றாக இருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன். முந்தாநாள்தானே போனில் பேசினோம், இப்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் ஒரு விஷயத்தைத் தொடங்குவதற்குள் நீ "சரி உம்மா, சரி உம்மா" என்று கதவைச் சாத்திவிடுகிறாய், வொயிஸ் அனுப்பினால் அதைக் கேட்காமலே ஒரு சிவப்பு இருதயத்தைப் போட்டுவிடுகிறாய். கடிதத்திடம் அந்த விளையாட்டுச் செல்லாது. அதோடு இதில் உள்ளதை வாயால் சொன்னால் எனக்கு அழுகை வந்துவிடும், அழுதுகொண்டு பேசுவது எனக்குப் பிடிக்காது என்று உனக்குத் தெரியும். லீவு முடிந்து வெள்ளிக்கிழமை கத்தாருக்குத் திரும்பும் அலவி நானாவிடம் ஒரு பார்சல் கொடுத்துவிடுகிறேன், அதற்குள் இந்தக் கடிதமும் அரைக் கிலோ தேயிலையும் ஒரு கொம்பியூட்டர் மவுஸும் இருக்கும். கத்தாரில் இல்லாத மவுஸா என்று சிரிப்பாய். கொல்லன் தெருவில் ஊசி விற்கிற வேலைதான், எனக்கும் தெரியும், ஆனாலும் கடைசிவரை வாசித்துவிட்டுச் சிரி.

முதலில் வீட்டு விஷயம். வாப்பாவின் முழங்கால் பரவாயில்லை, கடைக்கு நடந்தே போய் வருகிறார். ஸியாம் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறானாம், புத்தகம் திறந்திருக்கிறது, கண் மட்டும் போனில் இருக்கிறது, நீ ஒரு தடவை அவனை அதட்டு. எனக்குப் பாடசாலைச் சீருடைத் தையல் குவிந்து கிடக்கிறது. பெரிய செய்தி என்னவென்றால், நீ அனுப்பிய அந்த வரைபடத்தை, தெருவுக்கு அடியில் மழைத்தண்ணீர் போகும் கான்களை நீ வரைந்த படத்தை, வாப்பா பெரிதாகப் பிரிண்ட் எடுத்து லெமினேட் பண்ணிக் கடையில் கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கிறார். நூலும் பொத்தானும் வாங்க வருகிற ஆட்களுக்கு முதலில் அந்தப் படத்தின் விளக்கம், பிறகுதான் பொத்தான். போன கிழமை வெலிமடையிலிருந்து வந்த ஒரு மனிதர் "கத்தார்ல மழை பெய்யுமா பலீல் நானா" என்று கேட்டுவிட்டாராம், வாப்பாவுக்கு மூக்குக்கு மேல் கோபம், "பெய்யட்டும், பெஞ்சா என்ட மகள்ட கான்லதான் ஓடும்" என்றாராம். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்று ஊர் சிரிக்கட்டும், எனக்கு அதில் வெட்கமில்லை. எங்கள் தெருவில் பிறந்த பெண் பிள்ளை ஒன்று ஒரு நகரத்தின் தண்ணீருக்கு வழி போட்டுக் கொடுக்கிறாள், நாங்கள் பெருமைப்படாமல் வேறு யார் படுவது.

இனி உன் கை. மணிக்கட்டில் வலி, பெருவிரலில் மரமரப்பு, டொக்டர் பட்டி போட்டிருக்கிறார் என்று நீ இரண்டு மாதமாகச் சொல்கிறாய். நாள் முழுக்க மவுஸைப் பிடித்துக் கோடு இழுக்கிற வேலை. போன மாதம் பேசும்போது, இப்போது வரைகிற அந்தப் பாலத்துப் படங்களை மூன்று மாதத்துக்குள் முடித்துக் கொடுத்தால் உன்னைத் தலைமை வரைஞராகப் போடுவார்கள் என்றாய், அதே மூச்சில் "கை சரியாகாட்டி விட்டுட்டு வந்துடுறேன் உம்மா" என்றும் சொன்னாய். அதைச் சொன்னபோது நீ சிரித்தாய், நான் சிரிக்கவில்லை. நீ வந்தால் எனக்குச் சந்தோஷம்தான், பொய் சொல்லவில்லை, ஆனால் தோற்றுப்போன கையோடு நீ வருவதை நான் பார்க்கமாட்டேன். அதனால் மறுநாளே பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கொம்பியூட்டர் சாமான் விற்கிற ஹுமைத்தின் கடைக்குப் போனேன். மவுஸ் பிடித்து மகளுக்குக் கை நோகிறது, நோகாத மவுஸ் ஒன்று தாருங்கள் என்றேன். நல்ல மனிதர், பத்துப் பதினைந்தை எடுத்துக் கண்ணாடிமேல் பரப்பிவிட்டார்.

நான் துணியை வாங்குவது போலத்தான் மவுஸையும் வாங்கினேன். உன் கையும் என் கையும் ஒரே அளவு, என் வளையல்தானே உனக்கும், அதனால் ஒவ்வொன்றிலும் என் கையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, விரல்கள் எங்கே போய் விழுகின்றன என்று பார்த்தேன். சின்னது அழகாக இருந்தது, ஆனால் விரல் மடங்கிப் பருந்தின் நகம் போல நிற்கவேண்டியிருந்தது, ஐந்து நிமிடத்தில் உள்ளங்கை பிடித்துக்கொண்டது. பெரியதில் மணிக்கட்டு மேல்நோக்கி வளைந்தது. ஒன்றில் பொத்தான் கல் மாதிரி இறுகி இருந்தது, அதை ஒரு நாளைக்கு ஐயாயிரம் தடவை அமுக்கினால் விரல் என்னாவது. கடைசியாக ஒன்று தந்தார், குப்புறக் கிடக்காமல் பக்கவாட்டில் நிமிர்ந்து நிற்கிறது. பெருநாளைக்கு ஸலாம் சொல்லிக் கை பிடிப்போமே, கை அப்படியே நிற்கும், முன்னங்கை முறுக்காது. பெருவிரலுக்குத் தனியாக ஒரு படுக்கை. பின்னால் இரண்டு பேர் முறுமுறுக்க முறுமுறுக்க அதை நான் கால் மணித்தியாலம் பிடித்திருந்தேன், நோகவில்லை. ஹுமைத் "ராத்தா, கம்பனிக்காரன்கூட இப்படிப் பார்த்திருக்கமாட்டான்" என்றார். வாங்கி வந்து துணி சுற்றி, பார்சலும் கட்டி, வாப்பாவிடம் காட்டிப் பெருமையும் அடித்துக்கொண்டேன். அது வலது கை மவுஸ்.

அதற்கு அடுத்த ஞாயிறு, கத்தாரில் உங்களுக்கு வேலைநாள், மத்தியானம் நான் வீடியோ கோல் எடுத்தது நினைவிருக்கிறதா. நீ வேலை செய்துகொண்டே கோலைத் தொட்டிருக்கிறாய், போன் எதிலோ சாய்ந்திருந்தது, உன் முகம் தெரியவில்லை, மேசைதான் தெரிந்தது. மேசையில் உன் இடது கை. அந்தக் கை மவுஸைப் பிடித்து ஓடிக்கொண்டிருந்தது, நின்று யோசிக்கவில்லை, தடுமாறவில்லை. பட்டி போட்ட வலது கை மடியில் சும்மா கிடந்தது. நான் "பஹ்மா" என்றேன். அவ்வளவுதான், நீ அந்த மவுஸை இழுத்து வலது பக்கம் வைத்து, பட்டி போட்ட கையை அதன்மேல் வைத்துக்கொண்டு, பிறகுதான் போனை முகத்துக்கு நேரே திருப்பி ஸலாம் சொன்னாய். கை நோவில் உன் முகம் சுருங்கியிருந்ததையும் பார்த்தேன். என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன், நீயும் ஏதோ சொன்னாய், போனை வைத்துவிட்டு, வெட்டு மேசையில் விரித்திருந்த சீருடைத் துணியை வெட்டாமலே திரும்ப மடித்து வைத்தேன். உனக்கு இருபத்தேழு வயது. உன் ஒபிஸில் தாடி நரைத்தவர்கள் உன்னிடம் வந்து சந்தேகம் கேட்கிறார்கள். நான் கூப்பிட்டதும் நீ மவுஸை ஒளித்தாய்.

ஏன் ஒளித்தாய் என்று எனக்குத் தெரியும் மகள். உனக்கு நாலு வயதில், தையல் சோக்கை இடது கையால் எடுத்து என் வெட்டு மேசையில் கோடு போடத் தொடங்குவாய், முடிப்பதற்குள் நான் பிடுங்கிவிடுவேன். சாப்பாட்டை வலது கையால் சாப்பிடப் பழக்கியது சரி, அது நம்முடைய வழி. நான் அதோடு நிற்கவில்லை. எழுதுவது, படம் கீறுவது, வாசல் கூட்டுவது எல்லாம் வலது கையால்தான் என்று வெட்டுத்துணியில் ஒரு துண்டு எடுத்து உன் இடது கையை இடுப்போடு சேர்த்துக் கட்டிவைத்தேன், ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, ஒரு வருஷத்துக்கும் மேல். அவிழ்ந்தபோதெல்லாம் புறங்கையில் அடித்தேன். அப்படிச் செய்யச் சொல்லி யாரும் என்னிடம் சொல்லவில்லை, ஊரைக் காட்டி நான் தப்பிக்கப் பார்க்கவில்லை. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்று சொல்லிக்கொண்டே உன்னை நாலிலேயே வளைத்தேன். நீயும் வளைந்தாய், நான் அதைக் கெட்டித்தனம் என்று எல்லோரிடமும் சொன்னேன். தையல்காரியான எனக்கு இது தெரியாமல் போனதுதான் வெட்கம். வலது கைக் கத்தரிக்கோலை இடது கையில் கொடுத்தால் துணியை வெட்டாது, மடக்கும். கத்தரிக்கோலுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

அந்தக் கிழமைதான் ஸ்பிரிங்வெளித் தோட்டத்திலிருந்து கருப்பம்மா ரவிக்கை தைக்க வந்திருந்தாள், என் முகத்தைப் பார்த்து விசாரித்தாள், நானும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் சிரித்துவிட்டு, "கொழுந்து பறிக்கயில எடது கை வலது கைன்னு யாரு அக்கா பாக்குறது, ரெண்டும் ஓடுனாத்தான் கூடை நெறையும்" என்று சொல்லிவிட்டு ரவிக்கைக்குக் கழுத்து இறக்கம் எவ்வளவு என்று பேச்சை மாற்றிவிட்டாள். எனக்கு அது போதவில்லை, வாப்பாவைப் பள்ளிவாசலுக்கு அனுப்பி மௌலவியிடம் கேட்கச் சொன்னேன். சாப்பிடுவதற்கும் குடிப்பதற்கும் வலது கை, மற்றப்படி அல்லாஹ் எந்தக் கையில் பலத்தை வைத்தானோ அந்தக் கையால் பிள்ளை ஹலாலான தொழிலைச் செய்யட்டும் என்றாராம். இவ்வளவு சின்னப் பதிலைக் கேட்க எனக்கு இருபத்து மூன்று வருஷம் ஆகியிருக்கிறது.

பார்சலைப் பிரித்து மவுஸை எடுத்துக்கொண்டு ஹுமைத்திடம் திரும்பப் போனேன். இதே மாதிரி நிமிர்ந்தது, இடது கைக்கு வேண்டும் என்றேன். வலது கைக்கு வளைத்தது இடது கைக்குப் பொருந்தாது, பெருவிரல் வெளியே நிற்கும். "இந்த ஊர்ல இடது கைக்கு ஒருத்தரும் கேட்டதில்ல ராத்தா" என்றார். கேட்காமல் எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்களோ என்று நினைத்தேன். கொழும்பிலிருந்து வரவழைக்க இரண்டு கிழமை ஆனது. வந்ததும் உனக்குச் சரிவருமா பார்க்க வாப்பாவின் கடைக் கொம்பியூட்டரில் மாட்டி, என் இடது கையால் ஒரே ஒரு நேர்கோடு இழுக்கப் பார்த்தேன். கை என் பேச்சைக் கேட்கவில்லை. கோடு குடிகாரன் மாதிரிப் போனது. அரை மணித்தியாலத்தில் எனக்கு வேர்த்து, எரிச்சல் வந்து, கடைசியில் கண்ணும் கலங்கிவிட்டது, வாப்பா பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார். ஐம்பத்து மூன்று வயதில் அரை மணித்தியாலம் தாங்காமல் நான் அழுதேன். நாலு வயதில் நீ ஒரு வருஷம் அழாமல் எப்படி இருந்தாய்.

என்னை மன்னித்துவிடு பஹ்மா. இதை எழுதத்தான் இவ்வளவு காகிதம்.

இனி சில புத்தி, அதில்லாமல் நான் உம்மா இல்லை. மவுஸின் இரண்டு பொத்தானையும் இடம் மாற்றிக்கொள்ளவேண்டுமாம், எப்படி என்று ஹுமைத் ஒரு துண்டில் எழுதித் தந்தார், பெட்டிக்குள் இருக்கிறது. மேசை உன் முழங்கை உயரத்துக்கு இருக்கட்டும், மேசை உயர்ந்தால் தோள் தூக்கும், இது தையல் மெஷினுக்கும் ஒன்றுதான். மணிக்கட்டால் ஆட்டாதே, முழங்கையிலிருந்து கையை நகர்த்து. அரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை எழும்பி நட. வலது கை ஆறும்வரை அதைச் சும்மா விடு, அது இருபத்து மூன்று வருஷம் தன்னுடையதல்லாத வேலையைச் செய்த கை. தேயிலையை வலது கையாலேயே குடி, அந்தச் சட்டத்தில் மாற்றமில்லை.

வாப்பா நேற்று அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார், பிறகு "இரவல் கையால இவ்வளவு கீறினவள், சொந்தக் கையால என்னென்ன கீறப்போறாளோ" என்றார். இந்த மனிதரிடமிருந்து இப்படி ஒரு பேச்சு வரும் என்று நான் முப்பது வருஷத்தில் நினைக்கவில்லை. என் எண்ணமும் அதேதான். அல்லாஹ் உன் இரண்டு கையிலும் பரக்கத்தைத் தரட்டும், அந்தப் பாலம் உன் பெயரால் நிமிரட்டும், நீ தலைமை வரைஞர் ஆனாலும் ஆகாவிட்டாலும் எங்களுக்கு நீதான் தலை.

மறக்காமல் ஒன்று செய். இந்த மவுஸ் வந்து சேர்ந்ததும் ஒரு நாள் வேலை நேரத்தில் எனக்குக் கோல் எடுத்து, போனைச் சாய்த்து மேசையைக் காட்டி வை. ஸலாம் மட்டும் சொல், வேறு ஒன்றும் பேசவேண்டாம், நானும் வாயைத் திறக்கமாட்டேன். நீ இடது கையால் ஒரு கோட்டை ஆரம்பித்து முடிப்பதை நான் இதுவரை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

உன் உம்மா
நளீரா பலீல்