ஒற்றை மான்காரியின் கொழுக்கட்டை

நவம்பர் 14

இன்றும் நான் சுட்ட மான் இரத்த அடை சட்டியிலேயே கிடந்தது. தம்பி பொண்டாட்டி சிஹாருவின் கொழுக்கட்டை மதியத்துக்குள் தீர்ந்துவிட்டது. அவள் ஊர் ஜப்பானில் இதைக் கியோசா என்பார்களாம். சோமாசி மாதிரி மடித்து, அடிப்பக்கம் சிவக்க விட்டு, மேலே ஆவியில் வேகவைக்கிறாள். உள்ளே நம் புகைபோட்ட பனிமான் இறைச்சி, வாசனைக்கு ஆஞ்செலிக்காக் கீரைத் தண்டு, மான் கொழுப்பு. தொட்டுக்கொள்ள சோயாவில் நசுக்கிய, காட்டில் பறித்த புளிப்பு லிங்கன் பழம். கடை என்னுடையது, இறைச்சி என்னுடையது, பேர் மட்டும் அவளுக்கு.

தம்பி நீலாஸ் ஏரிப் பனி உடைந்து போய்ச் சேர்ந்து எட்டு மாதம். பொண்டாட்டியை என் தலையில் கட்டிவிட்டுப் போயிருக்கிறான். பெரிய சொத்து!

நவம்பர் 17

சுற்றுலா வந்தவன் ஒருவன் அவளிடம், "உங்களுக்கு எத்தனை மான்?" என்று கேட்டுவிட்டான். மான் மேய்க்கிற நம்மில் யாரும் யாரையும் கேட்காத கேள்வி; பெட்டியில் எவ்வளவு பணம் என்று கேட்கிற மாதிரி. கேட்டாலும் சொல்வோமா? இந்த மக்கு ஒரு விரலைத் தூக்கிக் காட்டி, "ஒண்ணே ஒண்ணு! பேரு கப்பா!" என்கிறாள். கடையே சிரித்தது. நீலாஸின் மந்தைக் கூட்டாளி ஈசாத் மட்டும் சிரிக்கவில்லை.

"ஒத்த மான்காரி" என்று நான்தான் பேர் வைத்தேன். உடனே ஒட்டிக்கொண்டது.

அந்தக் கப்பா, வண்டி இழுக்கப் பழக்கிய வெள்ளைக் கிடா. கல்யாணத்தன்று நீலாஸ் அவளுக்குக் கொடுத்தது; யாருடைய மான் என்று காட்டக் காதில் வெட்டும் குறியும் அவளுக்கென்று தனியாகப் பதிந்தான். இடது காதில் நுனி வெட்டு, கீழ் விளிம்பில் பல்போல இரண்டு வெட்டு. வலது காதில் ஒரு பிளவு. அந்தக் குறியோடு ஒரு மான் உயிரோடிருக்கும்வரை அவளும் இந்த ஊர்க்காரி.

நவம்பர் 25

ஈசாத் வந்தான். "பிப்ரவரி சந்தையில சிஹாரு பேர்லயே ஒரு கடை போடட்டுமே, ராவ்னாக்கா. நான் கூட நிக்கிறேன்."

வயிறு எரிந்தது. எரியாதா? இருபது வருஷமாக அந்தச் சந்தையில் நிற்பவள் நான்.

டிசம்பர் 3

மடிப்பு எனக்கும் கைவந்துவிட்டது. இனி இவள் எதற்கு?

டிசம்பர் 9

விசா விஷயமாக லூலியோ நகரத்துக்குப் போயிருக்கிறாள். இரண்டு நாள்.

கப்பா எப்போதும்போல உப்புக்காக என் உள்ளங்கையை நக்க வந்தது. நக்கவிட்டேன். பிறகுதான் கத்தி.

வெள்ளைத் தோல் காட்டிக்கொடுத்துவிடும். தோலையும் தலையையும் ஏரியில் மீன்வலை இறக்க வெட்டிய பெரிய பனித்துளை வழியே தள்ளினேன். நீலாஸ் போன அதே ஏரி. அவன் கொடுத்ததை அவனிடமே திருப்பிவிட்டேன், அவ்வளவுதான்.

ஆனால் ஒரு முட்டாள்தனம் செய்துவிட்டேன். மானை அறுத்ததும் காதை வெட்டி எடுத்து வைக்கிற பழக்கம் — யாருடையது என்று நாளைக்கு யாராவது கேட்டால் காட்ட. கை தன்பாட்டுக்கு வெட்டியிருக்கிறது. ஏரியிலிருந்து திரும்பியபிறகு பார்த்தால் இரண்டு காதும் சட்டைப்பையில்! மறுபடி யார் போவது? விறகுக் குவியலுக்குள் செருகிவிட்டேன்.

டிசம்பர் 11

"கயிறு அறுந்து கெடந்துச்சு. பெரிய காட்டுப்பூனை அடிச்சிருக்கும்" என்றேன்; இங்கே அது மானையே அடிக்கிற ஜாதி. கைவிளக்கோடு காட்டோரமெல்லாம் "கப்பா, கப்பா" என்று கத்திக்கொண்டே திரிந்தாள். விறைத்துப்போய்த் திரும்பியவளுக்குச் சூடாக ஆறு கொழுக்கட்டை வைத்தேன்.

"எப்படி இருக்கு?"

"மெத்துனு இருக்கு அண்ணி. எந்த மான்?"

"ஏதோ கிழடு."

இன்னும் இரண்டு கேட்டாள். வைத்தேன். பாவமாக இருந்ததா? கொஞ்சம். சிரிப்பும் வந்தது.

டிசம்பர் 28

"இங்க இனிமே உனக்கு என்ன இருக்கு? ஊரப் பாத்துப் போயிடேன்" என்றேன். தலையாட்டினாள். சந்தை முடிந்ததும் போகிறாளாம். கப்பாவின் மீதி இறைச்சியைச் சந்தைக்கென்று உறைபெட்டியில் வைத்திருக்கிறேன்.

ஜனவரி 19

ஜன்னல் வழியே பார்த்தேன். விறகைக் கிளறிக்கொண்டிருந்த நாய் எதையோ கொண்டுபோய் அவள் காலடியில் போட்டது. குனிந்து எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு குவியலுக்குப் போய்க் கையை விட்டுத் துழாவினாள்.

உள்ளே வந்து கை கழுவிவிட்டு மாவு பிசைய உட்கார்ந்துவிட்டாள். நான் போய் விறகுக் குவியலில் பார்த்தேன். இரண்டு காதும் இல்லை.

ஜனவரி 20

சிஹாரு மாவை உருட்டிக்கொண்டே சொன்னாள்: "சந்தைக்கு எல்லாத்தையும் நானே மடிச்சுத் தர்றேன் அண்ணி. நீங்க முன்னால நில்லுங்க. உங்க பேர்லயே நடக்கட்டும்."

அப்பாடா! குறி படிக்கத் தெரியாதவள். காது கிடைத்தால் என்ன, வால் கிடைத்தால் என்ன.

பிப்ரவரி 6

எழுத வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

சந்தை முதல் நாள். வெள்ளிப் பதக்கமெல்லாம் போட்டுக்கொண்டு முன்னால் நின்றேன். நல்ல குளிர், ஆவியில் என் மூக்குக்கண்ணாடி மங்கிக்கொண்டே இருந்தது. அவள் பின்னாலிருந்து நீட்ட நீட்ட, நாற்பது தட்டு இந்தக் கையாலேயே கொடுத்தேன். ஒன்றையாவது உற்றுப் பார்த்தேனா?

ஈசாத் ஒன்றை எடுத்தான். வாய்க்குக் கொண்டுபோனவன் நிறுத்தினான். இன்னொன்றை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தான்.

காதுபோல மடித்த மாவின் ஓரத்தில் நுனி வெட்டு, இரண்டு பல். பக்கத்தில் ஒரு பிளவு. தட்டில் மூன்று இடது காது, மூன்று வலது காது. எல்லாத் தட்டிலும்.

"இது சிஹாருவோட குறி." சத்தமாகத்தான் சொன்னான். "காட்டுப்பூனை அடிச்சுதுன்னு சொன்னீங்களேக்கா? காட்டுப்பூனைக்குக் கொழுக்கட்டை பிடிக்கக்கூடத் தெரியுமா?"

யாரும் சிரிக்கவில்லை. தின்றுகொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகத் தட்டைக் கீழே வைத்தார்கள். சிஹாரு முன்னால் வந்து, உலர்ந்துபோன அந்த இரண்டு காதையும் என் கல்லாப்பெட்டிமேல் வைத்தாள்.

என்னடி செய்தாய் என்று கத்த நினைத்தேன். என்ன செய்தாள் அவள்?

பிப்ரவரி 9

ஒருத்தரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் சண்டையாவது போடுவேன்.

மார்ச் 2

அவள் ஊருக்குப் போகவில்லை. கோடையில் கன்றுகளுக்குக் காது வெட்டும்போது ஈசாத்தும் மற்றவர்களும் தங்கள் கன்றுகள் சிலவற்றுக்கு அவள் குறியையே வெட்டி அவளுக்குக் கொடுக்கப்போகிறார்களாம். எத்தனை மான் என்று அவளிடம் யாரோ வெளியூர்க்காரர் கேட்டதற்கு, சும்மா சிரித்துவிட்டுப் போனாளாம். கற்றுக்கொண்டுவிட்டாள்.

இன்று மதியம் கடைக்கு வந்தாள். பின்னாலேயே ஏழெட்டுப் பேர். என் அடுப்பில் அவளே சட்டி வைத்தாள். ஆறு கொழுக்கட்டை வைத்து என் முன்னால் தள்ளினாள். மூன்று இடது, மூன்று வலது.

"சாப்பிடுங்க அண்ணி."

எந்த மான் என்று கேட்க வாய்வரை வந்தது. உறைபெட்டியில் கப்பா மீதி இருந்தது எனக்குத் தெரியும். எல்லாரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆறையும் தின்றேன். இன்னும் இரண்டு வைத்தாள்.