உன்னிடம் சொல்லப்படாத எலும்பு

அக்கா,

இன்று காலை அத்தை வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தைல நெடி அடுக்களை வரைக்கும் வந்துவிட்டது. உன் தலையணை உறையில் எத்தனை முறை துவைத்தும் போகாமல் இருந்த அதே பச்சைத் தைலம். கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்தபடி நின்றாள்.

"ஏலே, படுக்கையில திரும்புனேன், அப்படியே பிடிச்சுக்கிட்டு. உசுரு போவுது. லேசா ஒரு மிதி மிதிச்சு விடுல."

நான் காலோடு பிறந்தவன். தலைக்கு முந்திக் கால் வெளியே வந்த பிள்ளையின் காலுக்குச் சுளுக்கு எடுக்கும் சக்தி உண்டு என்பது நம் தெருவின் மருத்துவம். யாருக்குக் கழுத்து பிடித்தாலும் இடுப்பு பிடித்தாலும் நம் வீட்டில் வந்து குப்புறப் படுத்துக்கொள்வார்கள். டிப்ளமோ முடித்து, கயத்தாறு பக்கம் காற்றாலைகளில் ஏறி கியர்பாக்ஸ் பார்க்கிற வேலைக்குப் போன பிறகும் இந்தப் பதவி என்னை விடவில்லை. "காத்தாடிக்கு இன்ஜினியரு, கழுத்துக்கு டாக்டரு" என்று பட்டம் கட்டியவள் நீ.

உனக்குத் தலைவலி தொடங்கியபோது எல்லோரும் தையல் மிஷின் மேல் பழி போட்டார்கள். நாளெல்லாம் குனிந்து ரெடிமேடு சட்டைக்குக் காஜா எடுத்தால் வலிக்காதா என்றார்கள். இருமினால் பின்மண்டை வெடிக்கிறது, விரல் மரத்து ஊசி நழுவுகிறது என்று நீ சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. கடைசியில் மதுரையில் ஸ்கேன் எடுத்தபோதுதான் 'கியாரி' என்ற பெயர் நம் வீட்டுக்குள் வந்தது. சிறுமூளையின் அடிப்பகுதி மண்டையோட்டுத் துளை வழியாகக் கீழே இறங்கி, தண்டுவடத்தை நெருக்குகிறது. இடம் போதவில்லை; பின்னால் எலும்பை வெட்டி இடம் உண்டாக்க வேண்டும். நான் அப்போது குஜராத்தில் ஒரு காற்றாலைக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தேன். டாக்டர் அப்பாவிடம் பேசினார். அப்பா அத்தையிடம் பேசினார். கையெழுத்தும் அப்பாவுடையதுதான். உன்னிடம், "சின்ன ஆபரேஷன்தான், தூங்கி எந்திரிச்சா முடிஞ்சிரும்" என்றார்கள்.

ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்தது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மரத்துப்போன விரல்கள் திரும்ப உயிர் பெற்றன. ஆனால் பின்கழுத்து வலி நின்றபாடில்லை. நின்றால் தரை நழுவியது. பேருந்தில் திரும்பிப் பார்த்தால் வாந்தி வந்தது. ஒவ்வொரு முறை காட்டப் போனபோதும் பதில் ஒன்றே: "ஸ்கேன் நல்லா இருக்கும்மா." எங்கள் வேலையில், ரீடிங் சரியாக இருந்தும் சத்தம் வந்தால் மிஷினை நிறுத்திக் காது வைத்துக் கேட்போம். உன் விஷயத்தில் ரீடிங்கைப் பார்த்துவிட்டு உன்னை வாயை மூடச் சொன்னார்கள்.

அத்தை ஒரு படி மேலே போனாள். "தையல் மிஷின்ல உக்கார சோம்பல்பட்டுக்கிட்டு நடிக்கா. ஆபரேஷன் முடிஞ்சும் என்னட்டி வலி உனக்கு?" என்று தெருவே கேட்கச் சொன்னாள். நீ சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாய்.

பெங்களூர் ஆளைப் பற்றி உனக்குச் சொன்னது போனில் வந்த ஒரு வீடியோதான். மருந்து இல்லாமல் கையாலேயே எலும்பைச் சரிசெய்கிற கைரோபிராக்டர்; அதிலும் கழுத்தின் மேல் எலும்புகளை மட்டும் பார்க்கிறவர். எனக்குக் கோபம் வந்தது. "சலூன்ல சொடக்கு எடுக்கதுக்கு ஏசி ரூம் போட்டுருக்கான். ஆபரேஷன் பண்ணுன கழுத்துக்கா, விளையாடுதியா?" என்று கத்தினேன்.

நீ சிரித்தாய். "நீ காலால செய்யுத, அவிய கையால செய்யுதாவ. உனக்குத் தொழில் போட்டில."

"ஆதாரம் இல்ல, எக்கா."

"ஏலே, வலி எனக்கா, ஆதாரத்துக்கா?"

டிக்கெட் எடுத்தேன். மைசூர் ரயிலில் அப்பாவோடு மூன்று பேரும் பெங்களூருக்குப் போனோம். ஆஸ்பத்திரி ஃபைலை அப்பா வழி முழுக்க மடியிலேயே வைத்திருந்தார். ரயில் சாப்பாட்டைக்கூட அதன் மேல் வைத்துத்தான் தின்றார்.

அந்த மனிதர் அன்று உன்னைத் தொடவே இல்லை. முதலில் கேட்டார். எப்போது வலிக்கிறது, எங்கே தொடங்கி எங்கே போகிறது, எந்தப் பக்கம் திரும்பினால் தரை ஆடுகிறது. அவர் கேட்கக் கேட்க நீ சொல்லிக்கொண்டே போனாய். உன்னை யாரும் நடுவில் நிறுத்தாமல் பேசவிட்டு அதற்கு முன் நான் பார்த்ததில்லை. பிறகு ஃபைலை வாங்கிப் படித்தார். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார்.

"முதல் கழுத்தெலும்போட பின்வளைவையும் எடுத்திருக்காங்க. இந்த ஆபரேஷன்ல அது வழக்கம்தான். உங்களுக்குத் தெரியும்ல?"

நீ அப்பாவைப் பார்த்தாய். அப்பா சுழலாத ஃபேனைப் பார்த்தார்.

சர்ஜன் சம்மதம் எழுதித் தராமல் கை வைக்க மாட்டேன், அப்போதும் திருப்புவதோ சொடக்கு எடுப்பதோ கிடையாது என்று சொல்லி அனுப்பிவிட்டார். பிற்பாடு சம்மதம் வாங்கிக்கொண்டு சில தடவை போனோம். காதுக்குக் கீழே விரலால் லேசாக அழுத்துவார், அவ்வளவுதான். தலைசுற்றல் குறைந்தது என்றாய். இருமினால் வருகிற வலி அப்படியே இருந்தது. அவர் கை வேலை செய்ததா, உன்னை ஒருவர் நம்பியது வேலை செய்ததா, தானாகவே குறைந்ததா, எனக்குத் தெரியாது. ஒரு ஆள் நன்றாக உணர்ந்தது ஆதாரம் ஆகாது என்று அன்றும் சொன்னேன். இன்றும் அதையே சொல்வேன்.

ஆனால் அந்த முதல் பயணம் முடிந்து கோவில்பட்டி ஸ்டேஷனில் இறங்கியபோது நீ பின்கழுத்தைத் தடவிக்கொண்டே சொன்னது எந்தக் கணக்கிலும் அடங்கவில்லை. "என் கழுத்துல ஒரு எலும்பு பாதி இல்லையாம்ல. டாக்டருக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியும், அத்தைக்குத் தெரியும். என் கழுத்து, எனக்குத் தெரியாது."

வீட்டுக்குள் காலை வைத்ததும் அத்தையைக் கேட்டாய். அவள் அசரவில்லை. "சொன்னா பயந்துருவ. வெளிய தெரிஞ்சா எவன்ட்டி உன்னக் கெட்டுவான்?"

"அது கெடக்கட்டும். எலும்ப எடுத்தது தெரிஞ்சுக்கிட்டேதான நடிக்கான்னு சொன்னிய?"

அத்தை முந்தானையை உதறிக்கொண்டு அடுக்களைக்குள் போனாள். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போய்விட்டார். நீ கேட்டது அந்த ஒரு கேள்விதான். அதற்குப் பதில் வரும் முன்னால் ஐப்பசி மழை வந்தது, டெங்கு வந்தது, நீ போய்விட்டாய்.

டெங்கு. கழுத்து அல்ல. இதை எத்தனை பேரிடம் சொல்லி ஓய்ந்தேன் தெரியுமா? கரிசல் சகதி காலில் அப்பிக்கொள்ள உன்னைத் தூக்கிக்கொண்டு போன அன்று, அத்தை மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். "பெங்களூர்க்காரன் கழுத்தத் தொட்டான், எம்பிள்ள போச்சே! எம்புட்டு வலியத் தாங்குச்சு!" சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். உயிரோடு இருந்தவரை நடிப்பாக இருந்த உன் வலி, நீ செத்த அன்றைக்கு உண்மையாகிவிட்டது.

அந்த அத்தைதான் இன்று என் காலுக்காக வந்து நின்றாள். 'நடிக்காதிய' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. சொல்லியிருக்கலாம். அவள் முகத்தில் வேர்த்திருந்தது, கண் கலங்கியிருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டேன். எங்கே தொடங்குகிறது, கை மரக்கிறதா, தலை சுற்றுகிறதா என்று கேட்டேன்.

"என்னல இது, போலீஸ் மாதிரி? காலத் தூக்குன்னா கேள்வியாக் கேக்க!"

"கால் வைக்க மாட்டேன் அத்த. ஆஸ்பத்திரிக்குப் போங்க. என்ன செய்யப் போறாவ, எத எடுக்கப் போறாவன்னு உங்ககிட்டயே சொல்லச் சொல்லுங்க. வீட்டு ஆம்பளையாள்ட்ட இல்ல."

அவள் என்னையே பார்த்தாள். யாரை நினைத்துச் சொல்கிறேன் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. சாய்ந்த கழுத்தோடு படியிறங்கிப் போனாள். தைல நெடி மட்டும் இன்னும் இங்கேதான் இருக்கிறது.

அவளுக்கு வலிக்கிறது என்று நான் நம்பினேன், அக்கா. எக்ஸ்ரே கேட்கவில்லை, ஆதாரம் கேட்கவில்லை. உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது, வலி என்றால் நம்புகிற அந்தப் பழக்கம் ஒன்றுதான். அதையும் முதல் ஆளாக வந்து வாங்கிக்கொண்டு போனவள் அவள்.

உன் தம்பி