ஒரு மணி பதினோராவது நிமிடம்

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே யாவரும் நலம் என்று தொடங்குவது மரபு. பொய் என்று தெரிந்த வாசகத்தின் கீழ் வழக்கறிஞன் கையெழுத்துப் போடக் கூடாது என்பதும் மரபு. இரண்டாவதை மதித்து முதலாவதை விட்டுவிடுகிறேன். உன் அண்ணி நலம்.

கையால் எழுதியிருக்கிறேனே என்று ஆச்சரியப்படாதே. கணினியில் 'அன்புள்ள' என்று அடித்தால் அதுவே 'ஐயா' என்று முடித்து, 'தங்கள் நோட்டீஸ் கிடைத்தது' என்று அடுத்த வரிக்குப் போய்விடுகிறது. நாலு வருடமாக நான் யாருக்கு என்ன எழுதி வந்திருக்கிறேன் என்பது அதற்குத்தானே தெரியும்.

இந்த மாதக் கடைசியில் வேலையை விட்டுவிடட்டுமா, ஜூனியரும் குமாஸ்தாவும் இல்லாமல் ஏ.ஐ.யை மட்டும் துணைக்கு வைத்துக்கொண்டு தனியாகத் தொழில் நடத்த முடியுமா என்று கேட்டிருந்தாய். அண்ணன் நடத்திக் காட்டவில்லையா என்றும் எழுதியிருந்தாய். பதில் சொல்கிறேன். ஆனால் அதற்குள் ஒரு தையல்கார அம்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. அவர் குடியிருந்து தைக்கும் இரண்டு அறைகளை முப்பது நாளில் காலி செய்ய வேண்டும் என்று போன வாரம் தீர்ப்பாகிவிட்டது. அவருடைய வக்கீல் நான்தான்.

முதலில் உன் விஷயம். நீ இருக்கும் பெரிய அலுவலகத்தைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? ஏ.ஐ. வாங்கலாமா என்று ஒரு குழு, வாங்கிய பிறகு அதை யார் தொடலாம் என்று ஒரு குழு, தொட்டவர்களை விசாரிக்க ஒரு குழு. ஒன்பது வருடத்தில் நீதிமன்றத்தில் நீ சொந்தமாகப் பேசிய ஒரே வாக்கியம் 'சீனியர் வந்துகொண்டிருக்கிறார்' என்பதுதான் என்று எழுதியிருந்தாய். படித்துச் சிரித்தேன். உன் அண்ணி சிரிக்கவில்லை. பாவம் அவ, கூப்பிட்டுக்கோங்க என்றாள்.

தனியாக நடத்த முடியும். பல் மருத்துவருக்குப் பக்கத்து அறையில், ஒரு மேசை, நாலு நாற்காலி, ஒரு கணினியோடு நான் நடத்தினேன். பல்வலிக்காரர்கள் என் நாற்காலியில் வந்து உட்காருவார்கள், என் கட்சிக்காரர்கள் அங்கே போய் வாயைத் திறப்பார்கள். மற்றபடி குறையில்லை. நானூறு பக்கக் கட்டைக் கொடுத்தால் காபி ஆறுவதற்குள் தேதி வாரியாகப் பட்டியல் வந்துவிடும். ஒரே கடிதத்துக்கு எதிர்த்தரப்பு இரண்டு இடத்தில் இரண்டு தேதி போட்டிருந்ததை அதுதான் பிடித்துக் கொடுத்தது. அந்த வழக்கில் பத்து நிமிடத்தில் வென்றேன். நோட்டீஸ், பதிலுரை எல்லாவற்றுக்கும் முதல் வரைவு அது போடும், திருத்துவது நான். இலவசமாகக் கிடைக்கும் எதிலும் கட்சிக்காரர் காகிதத்தைப் போடாதே. சம்மதம் கேட்டு எழுதி வாங்கு. அது மேற்கோள் காட்டும் தீர்ப்பு ஒவ்வொன்றையும் நீயே எடுத்துப் பார், இல்லாத தீர்ப்பையும் நல்ல தமிழில் சொல்லும். இதையெல்லாம் நான் ஒழுங்காகச் செய்தேன். இந்த விஷயத்தில் என் மேல் யாரும் விரல் நீட்ட முடியாது.

கட்சிக்காரர் பேசுவதைப் பதிவு செய்து, சுருக்கம் எடுக்கும் வேலையையும் அதற்கே கொடுத்திருந்தேன். இதைத்தான் நண்பர்கள் பொறாமையோடு பார்த்தார்கள். இரண்டு மணி நேரப் புலம்பல் ஒன்றரைப் பக்கத்தில் வரும். நான் எதிரே உட்கார்ந்து மற்ற மின்னஞ்சல்களுக்குப் பதில் போடுவேன்.

தையல்கார அம்மா நிறையப் பேசுவார். மகளுக்கு விபத்தில் கால் முறிந்து, வெளியூர் ஆஸ்பத்திரியில் ஏழு மாதம் கூடவே இருந்திருக்கிறார். அந்த ஏழு மாதம் வீடு பூட்டிக் கிடந்தது, ஆகவே இவருக்கு அது தேவையில்லை, காலி செய்யச் சொல்லுங்கள் என்பது உரிமையாளரின் வழக்கு. மகளின் சிகிச்சைதான் காரணம் என்று நான் வாதாடினேன். காரணம் நியாயமாகவே இருக்கலாம், பூட்டிக் கிடந்ததை நீங்களே ஒப்புக்கொள்கிறீர்களே என்றார் நீதிபதி.

தீர்ப்பான அன்று படிக்கட்டில் அந்த அம்மா மெதுவாகக் கேட்டார், சாவி விஷயத்தை ஏன் சார் சொல்லவே இல்ல என்று. எந்தச் சாவி என்றேன். சொன்னார். இதை நீங்க எங்கிட்ட சொல்லவே இல்லையேம்மா என்றேன். இருபது வருட அனுபவம் குரலில் இருந்திருக்க வேண்டும். அவர் உடனே, அப்ப நான்தான் மறந்துட்டேன் போல சார், மன்னிச்சுக்கோங்க என்றார். மன்னித்தேன். ஆமாம், மன்னித்துவிட்டுத்தான் அறைக்குத் திரும்பினேன்.

சந்தேகத்துக்குப் பதிவைப் போட்டுக் கேட்டேன். ஒரு மணி பதினோராவது நிமிடம். மகள் காலில் போட்ட கம்பிக்கும் பக்கத்து வீட்டு நாய்க்கும் நடுவில் சொல்கிறார்: "மாடிக்கு வெள்ளையடிக்கணும், சாமான் வைக்க எடமில்லைன்னு ஓனர் போன் பண்ணாரு சார். நான் இங்க ஆஸ்பத்திரிலதானே இருக்கேன்னு ஆள்கிட்ட சாவியைக் குடுத்தனுப்பிட்டேன். ஏழு மாசமும் அவரு கட்டில், பீரோ எல்லாம் நம்ம வீட்லதான். சாவி வாங்கிக்கிட்டேன்னு தேதி போட்டு சீட்டுகூட எழுதி அனுப்பினாரு. நல்ல மனுஷன், அப்ப." அதற்குப் பின் ஒரு குரல், "ம்ம், சொல்லுங்கம்மா" என்கிறது. என் குரல்.

வீட்டைப் பூட்டி வைத்திருந்ததே உரிமையாளர்தான். அந்தச் சீட்டு மேசைக்கு வந்திருந்தால் வழக்கே இல்லை.

ஒன்றரைப் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். 'குடும்ப விவரங்கள்' என்ற தலைப்பில் ஒரு வரி இருந்தது: 'உரிமையாளருடன் முன்பு நல்லுறவு இருந்தது.' பொய் என்று சொல்ல முடியாது. அதற்குப் புரிந்த அளவில் அது சரியாகவே எழுதியிருக்கிறது. அந்த அறையில் சட்டம் படித்தவன் ஒருவன் இருந்தான். அவன் யாருக்கோ மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருந்தான்.

உன் அண்ணியிடம் சொன்னேன். அவள் அதிர்ச்சி அடையவில்லை. வீட்டுலயும் பதினாலு வருஷமா அதே 'ம்ம்'தான், நான்தான் அப்பீல் போகல என்றாள். பிறகு பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

மறுநாள் தையல்கார அம்மா வீட்டுக்குப் போனேன். யாருடைய பள்ளிச் சீருடைக்கோ காஜா போட்டுக்கொண்டிருந்தார். நீங்கள் மறக்கவில்லை, நான்தான் கேட்கவில்லை என்று சொன்னேன். அந்தக் காஜாவை முடித்து நூலை அறுத்தார். நீங்க டைப் அடிச்சுக்கிட்டே இருந்தீங்களே சார், நான் சொல்றதைத்தான் அடிக்கிறீங்கன்னு நெனச்சேன் என்றார். திட்டியிருந்தால் வீட்டுக்கு வந்து சாப்பிட்டிருப்பேன். சீட்டை எடுத்துக் காட்டினார். மடிப்புக் கலையாமல் இருக்கிறது.

மேல்முறையீட்டில் அந்தச் சீட்டைத் தாக்கல் செய்யலாம். ஆனால் இத்தனை நாள் ஏன் காட்டவில்லை என்ற கேள்வி வரும். நண்பன் ஒருவன் சுலபமாக வழி சொன்னான். அந்தம்மா சொல்ல மறந்துட்டாங்கன்னு போட்டு கையெழுத்து வாங்கு மச்சான், மேட்டர் ஓவர் என்றான். கேட்டால் போட்டுக் கொடுப்பார். அதுதான் பயமாக இருக்கிறது. நான் ஒரு வார்த்தை சொன்னதும் தன் ஞாபகத்தையே விட்டுக்கொடுத்தவர் அவர். மறதிக்காரர் பேச்சை நம்பி எந்த நீதிமன்றம் வீட்டைத் திருப்பிக் கொடுக்கும்?

நடந்ததை நடந்தபடி சொல்ல ஒருவன் சத்தியப் பிரமாணம் செய்ய வேண்டும். கட்சிக்காரர் சொன்னார், வக்கீல் கேட்கவில்லை என்று. எழுதிவிட்டேன். எந்த உதவியும் இல்லாமல் எழுதியதால் வாக்கியங்கள் கொஞ்சம் கோணலாக இருக்கின்றன. இது தாக்கலானதும் வழக்கறிஞர் கவுன்சில் என்னைக் கூப்பிடும். உரிமம் எத்தனை மாதத்துக்குப் போகும், திரும்ப வருமா என்று தெரியாது. அறையை ஒப்படைப்பதாகச் சொல்லிவிட்டேன். பல் மருத்துவர் இடம் போதாமல் கஷ்டப்படுகிறார்.

சாட்சி சொல்கிறவன் அதே வழக்கில் வாதாட முடியாது. அந்த அம்மாவுக்கு வேறு வக்கீல் வேண்டும். இருபத்தொரு நாள் மிச்சமிருக்கிறது. உன்னைப் பற்றிச் சொன்னேன், என் கூடப் பிறந்தவள் என்பதையும் மறைக்கவில்லை. அவங்க கேப்பாங்களா சார் என்று மட்டும் கேட்டார். கேட்பாள் என்றேன்.

ஆகவே உன் கேள்விக்குப் பதில், வா. கணினியையும் கொண்டு வா, நானூறு பக்கத்தை அதுவே படிக்கட்டும். அந்த அம்மா பேசும்போது மட்டும் அதை மூடி வைத்துவிட்டு எதிரே உட்கார். நாய்க் கதையும் வரும், வரட்டும்.

உன் பெயரில் நீ தாக்கல் செய்யும் முதல் மனுவில் அண்ணனின் பெயர் இப்படி வர வேண்டியிருக்கிறதே என்று இரண்டு நாள் எழுதாமல் இருந்தேன். நீ நன்றாக வருவாய். உன்னைத் தேடி நிறையப் பேர் வரட்டும், வந்தவர்கள் வாய்விட்டுப் பேசிவிட்டுப் போகட்டும். அந்த அம்மா அந்த இரண்டு அறையிலேயே தைத்துக்கொண்டிருக்கட்டும்.

ஒரே ஒரு வேண்டுகோள். என்னைக் கூண்டில் ஏற்றி எதிர்த்தரப்பு வக்கீல் கிழிப்பார். நீ சின்ன வயதிலிருந்தே என்னை யாராவது ஏதாவது சொன்னால் சண்டைக்குப் போகிறவள். அன்றைக்கு மட்டும் எழுந்து ஆட்சேபிக்காதே. உட்கார்ந்து முழுசாகக் கேளம்மா.

இப்படிக்கு,
உன் அண்ணன்